நாற்பத்துநான்காவது கை

கையெழுத்துப் போட்டவர்கள் நாற்பத்துமூன்று பேர். தூக்கியிருந்த கைகள் நாற்பத்துநான்கு.

செயலாளர் மேடையின் விளிம்பில் நின்று, பேனா முனையால் காற்றில் புள்ளி வைத்தபடி இன்னொரு முறை எண்ணினாள். தன்னையும் சேர்த்து எண்ணிவிட்டாளோ என்றால் அதற்கும் வழியில்லை. எண்ணுகிறவர் கை தூக்கக் கூடாது, வருகைப் பட்டியலிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது இங்கே முதல் நாளிலிருந்து இருக்கிற வழக்கம். மறுபடியும் நாற்பத்துநான்குதான் வந்தது.

"என்னம்மா, இன்னுமா முடியல? தோள்பட்டை கழண்டுடும் போல இருக்கு" என்றார் தலைவர். மருந்துக்கடை வைத்திருப்பவர், எப்போதும் முதல் வரிசையில் உட்காருகிறவர்.

"ஒண்ணு கூட வருது சார்."

"எவனோ ரெண்டு கையையும் தூக்கிட்டு உக்காந்திருக்கான். போலீஸைப் பாத்த பழக்கதோஷம்."

கொட்டகை சிரித்தது. பிறகு, யாரோ சொல்லி வைத்தது போல எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டார்கள். போலீஸ் என்ற சொல்லை இந்தக் கூரைக்குக் கீழே மூன்று வருஷமாக யாரும் உச்சரித்ததில்லை.

தியேட்டர் ஊருக்குச் சொந்தம். பழைய முதலாளி பூட்டிவிட்டுப் போனபோது ஆளுக்கொரு பங்கு போட்டு வாங்கியது. வாரத்தில் ஆறு நாள் சினிமா. சனிக்கிழமை திரையைக் கயிற்றில் மேலே இழுத்துவிட்டால் பின்னால் இருக்கிற மேடையில் நாடகம். கிழிந்த சீட்டை டெய்லர் தைப்பார், உடைந்த கிராதியை வெல்டர் ஒட்டுவார், மாதத்துக்கு ஒரு நாடகத்தை டீச்சர் போடுவார். எல்லோருமே முதலாளி என்பதால் எதையும் தனியாக முடிவு செய்ய யாருக்கும் துணிச்சல் கிடையாது. கழிப்பறைக்கு நீலமா வெள்ளையா என்று மூன்று மணி நேரம் கை தூக்கிக் கடைசியில் பாதிச் சுவர் நீலம், பாதி வெள்ளை என்று முடிந்த ஊர் இது.

இன்றைக்கு வந்திருந்த தீர்மானம் ஒன்றே ஒன்றுதான். மேடைக்கு இடப்பக்கம் சந்துப் பக்கம் பார்த்து இருக்கிற மடக்கு இரும்புக் கேட்டை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்புவது. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாக் கையும் மேலே போயிருந்தது.

"சரி, எல்லாரும் இறக்குங்க. மறுபடி முதல்லேர்ந்து" என்றாள்.

இறக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி, வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்; உள்ளே ஜன்னல் இல்லாத அந்த நீளமான அறையில் எப்போதும் போல ஈரச் சாக்கு வாசனையும் பழைய பாப்கார்ன் எண்ணெய் வாசனையும் கலந்து நின்றன. ஹால் விளக்குகளில் பாதி எரியாததால் மேலே ப்ரொஜக்டர் ரூமிலிருந்து, பட்டியலில் பெயர் இல்லாத அவளுடைய தம்பி வெறும் வெள்ளை வெளிச்சத்தை அனுப்பிக்கொண்டிருந்தான். அந்த வெளிச்சம் உறுப்பினர்களின் முதுகுப்பக்கமிருந்து வந்ததால் அவர்கள் முகம் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை, தலைகள் மட்டும் வரிசை வரிசையாகக் கருப்பாக இருந்தன. கூரை தாழ்வு. யார் கையைத் தூக்கினாலும் அதன் நிழல் அவளுக்குப் பின்னால் இருக்கிற திரையில் விழும். அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள்.

ஒரு கை இறங்காமல் இருந்தது.

நீளமான கை. மற்ற யாருடைய கையும் எட்டாத உயரத்துக்கு, திரையின் நடுவரை போயிருந்தது. உள்ளங்கை இருந்தது, கட்டைவிரல் இருந்தது. மற்ற நான்கு விரல்களும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோணலான விளிம்பு மட்டும் இருந்தது.

அந்தக் கையை அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

அவனை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். திரையைக் கயிறு கட்டி ஏற்றி இறக்குகிறவன், பல்பு மாற்ற ஏணி தேவைப்படாதவன். கூட்டத்தில் அவன் கை தூக்கும்போதெல்லாம் "ஃபேனை நிறுத்துங்கப்பா, ஏணி ஓட்டுப் போடப் போறான்" என்று யாராவது கத்துவார்கள், அவனும் வெட்கப்பட்டுச் சிரிப்பான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு புதுப்படம் வந்த முதல் நாள், டிக்கெட் கிடைக்காத கூட்டம் சந்துக்குள் புகுந்து இந்தப் பக்கக் கேட்டை முட்டியது. பேனர் கட்ட வெளியே போயிருந்த ஏணி அந்தக் கூட்டத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். கேட் ஒரு சாண் திறந்திருந்தது, அவன் உள்ளே கையை விட்டுக் கம்பியைப் பிடித்தபடி, தொறங்கக்கா, நான்தான், மூச்சு முட்டுது என்று கத்தினான். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, "யாரா இருந்தாலும் சரி, சாத்துடா" என்று தம்பியிடம் சொன்னாள். தம்பி இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தினான். கம்பிகள் ஒன்றோடு ஒன்று சேருகிற சத்தத்தின் நடுவே காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி நான்கு முறை கேட்டது. அதற்குப் பிறகு வெளியே அவன் கீழே போய்விட்டான். கூட்டம் அவன்மேல் நின்று வெகுநேரம் முட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் போலீஸ் வருவதற்கு முன்னால் அவசரக் கூட்டம் நடந்தது. கேட் திறந்தேதான் இருந்தது, அவன் பேனர் கட்டும்போது தவறி விழுந்தான், கீழே கிடந்தவனைக் கூட்டம் மிதித்துவிட்டது. இதுதான் தீர்மானம். எல்லோரும் கை தூக்கினார்கள். ஏகமனதாக என்று அவள்தான் எழுதினாள். சாவுக்குப் போன இடத்தில் அவன் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்டு தொறந்துதானேம்மா இருந்துச்சு என்று கேட்டாள். ஆமாம்மா என்று சொன்னாள். தம்பிக்காகச் சொன்னாள். அம்மா செத்த நாளிலிருந்து அவள் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை, அவனை ஜெயிலுக்கு அனுப்ப அவளால் முடியவில்லை. அன்றைக்கு அதைவிடப் பெரிய நியாயம் உலகத்தில் எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

மேடையோரத்து இன்டர்காம் கிர்ரென்றது. எடுத்தாள்.

"அக்கா" தம்பியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "கடைசி வரிசையில நிக்கிறது யாருக்கா? எனக்கு முதுகுதான் தெரியுது."

"நீ கீழ பாக்காத. ரூமை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கோ."

"சட்டையெல்லாம் செருப்புத் தடமா இருக்கு. அக்கா, முதுகு இந்தப் பக்கம்தான் இருக்கு. ஆனா மூஞ்சியும் இந்தப் பக்கம்தான் இருக்கு."

இன்டர்காம் அடங்கிவிட்டது.

இப்போது எல்லோரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மிலிட்டரி என்று பெயர், மெல்லத் தலையைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் முன்பக்கம் திரும்பி இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டார். சண்டைக்குப் போய்வந்த மனிதர், சின்னப் பிள்ளை போல அழ ஆரம்பித்தார்.

இடப்பக்கத்தில் கேட் குலுங்கியது.

முதலில் லேசாக. பூட்டு கம்பியில் தட்டுகிற சத்தம், டக், டக், என்று யாரோ மரியாதையாகக் கூப்பிடுவது போல. பிறகு முழுக் கேட்டும் நடுங்கியது, துருவும் கிரீஸும் கலந்த வாசனை ஹால் முழுக்க ஏறியது, அந்த வாசனைக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, கறிக்கடையைக் காலையில் கழுவிவிடும்போது சாக்கடையில் வருகிற வாசனை.

ஒரே நேரத்தில் எல்லோரும் எழுந்தார்கள். வாசல் கதவுக்கு ஓடியவர்கள் அதில் மோதி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கதவு அசையவில்லை. கீழே விழுந்த டீச்சரின் முகத்தில் ஒரு செருப்புக் கால் ஏறி இறங்கியது, அவர் மூக்கு ஒடிந்தது, அந்தக் கால் யாருடையது என்று பிறகு யாரும் சொல்லவில்லை. டெய்லர் மட்டும் மேடைப் பக்கம் ஓடிவந்தார். பூட்டு கழன்று தரையில் கிடந்தது. கேட் ஒரு சாண் திறந்திருந்தது.

"தொறந்திருக்கு! இங்க தொறந்திருக்கு!" என்று இடுக்கில் கையை விட்டு இழுத்தார்.

கேட் சாத்திக்கொண்டது.

நான்கு முறை.

டெய்லர் தன் கையைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். அவருக்குக் கத்தக்கூடத் தோன்றவில்லை. ஊசி பிடித்த விரல்கள் கேட்டுக்கு அந்தப் பக்கம் சந்தில் கிடந்தன. இரத்தம் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடி அங்கிருந்து சொட்டியது. கேட் மெதுவாக, கிறீச்சென்று, மறுபடியும் ஒரு சாண் திறந்தது.

அடுத்த கை வேண்டும் என்பது போல.

திரையில் அந்தக் கை திரும்பியது. மணிக்கட்டு மெல்லச் சுழன்றது, மிச்சமிருந்த ஒரே விரல், கட்டைவிரல், தோளுக்குப் பின்னால், மேலே, ப்ரொஜக்டர் ரூமைக் காட்டியது.

எல்லோருக்கும் புரிந்தது. அவளுக்கு எல்லோருக்கும் முன்னால் புரிந்தது.

தலைவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். திரையிலிருந்து திரும்பி விழுந்த வெளிச்சத்தில் முகம் சுண்ணாம்பாகத் தெரிந்தது. குரல் மட்டும் கூட்டம் நடத்துகிற குரலாக இருந்தது.

"கேட்டை இழுத்துச் சாத்துனது யாரு? நாம இல்ல. நமக்கு எதுக்கு இந்தத் தலைவலி? சாத்துனவனைக் கீழ கொண்டாந்து கேட்டுக்கிட்ட விட்டுடலாம்."

"அவன் நம்ம பிள்ளைப்பா" என்றது ஒரு குரல், பலமில்லாமல்.

"சரி. கை தூக்குங்க. நீங்க எண்ணுங்கம்மா."

தனியாக ஒருவரும் ஒரு எறும்பைக்கூட நசுக்க மாட்டார்கள். பத்து வருஷமாக அவள் பழகுகிற ஆட்கள், அவள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவருகிறவர்கள். ஆனால் கூட்டமாகக் கை தூக்கிவிட்டால் பாவம் எந்தத் தலையிலும் விழாது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

ஒரு கை. இரண்டு. ஏழு. கண்ணைப் பொத்தியிருந்த மிலிட்டரி ஒரு கையை மட்டும் எடுத்துத் தூக்கினார். டீச்சர் தரையில் கிடந்தபடியே தூக்கினார். டெய்லர் இடது கையைத் தூக்கினார்.

அவள் எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

"நாப்பத்திநாலு" என்றாள்.

கேட் குலுங்கியது. போதாது.

"ஏகமனதா இருக்கணும் போலம்மா" என்றார் தலைவர். "நீங்க?"

மேலே, ப்ரொஜக்டர் ரூமின் சின்னக் கண்ணாடியில் தம்பியின் முகம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் இல்லை. நான்தான் சாத்தச் சொன்னேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாயில் வந்துவிட்டது, நாக்கு நுனியில் உப்பாக நின்றது. சொன்னால் கேட் அவளுக்காகத் திறக்கும். அவள் ஒரு சாண் இடுக்கைப் பார்த்தாள். அதன் விளிம்பில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்த டெய்லரின் தோலைப் பார்த்தாள்.

பேனா கீழே விழுந்தது.

யாரும் அவள் கையைப் பிடித்துத் தூக்கவில்லை.

நாற்பத்தைந்து.

வெல்டரும் இன்னும் நாலு பேரும் மாடிப்படி ஏறினார்கள். தாழ்ப்பாள் உடைகிற சத்தம். உருள்கிற சத்தம். தம்பியைக் காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள், அவன் தலை ஒவ்வொரு படியிலும் இடித்தது, ஒவ்வொரு இடிக்கும் அக்கா என்றான். அவன் கையை விரித்துப் பிடிக்க மூன்று பேர். இடுக்கில் திணித்தார்கள்.

கேட் சாத்தவில்லை.

வெளியிலிருந்து ஏதோ அவன் கையைப் பிடித்துக்கொண்டது. மெதுவாக. கைகுலுக்குவது போல.

பிறகு இழுத்தது.

தோள் வரை போனது. தோள் போகாது, இடுக்கு ஒரு சாண்தான். தோள் போனது. எலும்பு ஒடிந்தது. இன்னொரு எலும்பு. விலா ஒன்றன்பின் ஒன்றாக, கணக்குத் தவறாமல். "அக்கா, தொறக்கச் சொல்லுக்கா, மூச்சு முட்டுது." தலை கம்பியில் சிக்கிக் கொஞ்ச நேரம் நின்றது. கண் அவளைப் பார்த்தது. அதுவும் போனது. கடைசியாக ஒரு செருப்பு இந்தப் பக்கம் விழுந்தது.

பிடித்திருந்தவர்கள் தங்கள் வெறுங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்கள். பின்னால் வாசல் கதவு தானாகத் திறந்தது, நல்ல வெயில் உள்ளே விழுந்தது. ஒவ்வொருவராக, டீச்சரைத் தூக்கிக்கொண்டு, டெய்லரைத் தாங்கிக்கொண்டு, மேடைப் பக்கம் பார்க்காமல் வெளியேறினார்கள்.

தலைவர் மட்டும் வாசலில் நின்று திரும்பினார்.

"அதான் முடிஞ்சுதேம்மா. கையை இறக்குங்க" என்றார்.

அவள் இறக்கத்தான் பார்த்தாள். தோள் பிய்ந்துவிடும் போல வலித்தது. மேலே, அவளுடைய நான்கு விரல்களையும் சேர்த்து இன்னொரு கை இறுகப் பிடித்திருந்தது. அதற்கு ஒரே ஒரு விரல்தான் இருந்தது.