குத்தத் தொடங்கிய கழுத்து

மார்ச் மாதம் முதல் புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஆஸ்திரேலியாவின் வறண்ட சுரங்க ஊரான புரோக்கன் ஹில்லில் அந்த நேரத்தில் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை, வெயில் அப்படி. ஆகவே கதவு தட்டப்பட்டதும், வந்திருப்பவருக்கு உண்மையிலேயே ஏதோ கஷ்டம் என்று தீர்மானித்துக்கொண்டுதான் மெர்வின் பெங்கெல்லி எழுந்தார்.

எரிந்த வீடுகளையும் நசுங்கிய கார்களையும் பார்வையிட்டு, எது விபத்து, எது பொய் என்று ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு முப்பது வருடம் எழுதிக்கொடுத்தவர் மெர்வின். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் புரியாத காரியம் எதுவானாலும் அவரிடம்தான் வரும். வந்தால், பக்கத்து வீட்டு நொரீனும் கூடவே வந்துவிடுவார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். துப்புத் துலக்குவதில் மெர்வினைவிட ஆர்வம் அதிகம், அவசரமும் அதிகம்.

வாசலில் நின்றவர் கிளெம் ஹாக்கிங். எழுபத்தொரு வயது, சுரங்கத்தில் உழைத்த உடம்பு, கையில் ஒரு கிட்டார் பெட்டி.

"மெர்வ், இது என் கிட்டார்தான்," என்றார் கிளெம். "ஆனா இது என் கிட்டார் இல்லை. எனக்குப் பைத்தியமான்னு நீதான் பார்த்துச் சொல்லணும்."

"உட்காரு. தண்ணி குடி. முதல்லேருந்து சொல்லு."

கிளெம் சொன்னார். மனைவி பெரில் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அதன் பிறகு வீட்டு வாசலுக்கு வர யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. அப்போதுதான் ஒரு மின்கிட்டாரைத் துண்டு துண்டாக வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார். உடல் நியூகாசிலில் ஒருவரிடமிருந்து. தந்திகள் ஓடும் நீண்ட கழுத்து குவீன்ஸ்லாந்து கடற்கரையில் மரவேலை செய்யும் ஒரு பெண்மணியிடமிருந்து. தந்தியின் ஒலியை வாங்கும் பிக்-அப் பெர்த்திலிருந்து. தந்தி முறுக்கும் பிருடைகள் ஒரு பழைய உடைந்த கிட்டாரிலிருந்து. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வாரக்கணக்கில் காத்திருந்தார்.

"காத்திருக்கறதுக்கு ஒண்ணு இருந்தது, அதான்," என்றார். "ரெண்டு வருஷமா தினமும் வாசிக்கிறேன். வியாழக்கிழமை கூட்டாளி லெஸ் வருவான், அவன் பேஸ் கிட்டார் வாசிப்பான். ஜனவரில கண் ஆபரேஷனுக்கு அடிலெய்டு போனேன். மூணு வாரம் பொண்ணு ஷெல்லி வீட்ல. திரும்பி வந்து பார்த்தா, கழுத்து மரத்தோட ரேகை வேற மாதிரி இருக்கு. 'அப்பா, இப்பதான் உங்களுக்குக் கண்ணே தெரியுது'ன்னு ஷெல்லி போன்ல சிரிச்சா. சரின்னு விட்டுட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு அது கையைக் குத்த ஆரம்பிச்சது."

பெட்டியைத் திறந்தார். மெர்வின் கழுத்தின் விளிம்பில் விரலை ஓட்டினார். விரல்பலகையில் பதித்திருந்த குறுக்குக் கம்பிகளின் முனைகள் மரத்துக்கு வெளியே மயிரிழை நீட்டிக்கொண்டு, ரம்பப் பல்லாக உரசின.

"இந்த முனையை எல்லாம் ரெண்டு வருஷம் முன்னாடியே நான் அரத்தால ராவி வழவழன்னு பண்ணியிருந்தேன். ஷெல்லிகிட்ட சொன்னா, 'ராவினதா நினைச்சுக்கறீங்க'ங்கறா. போன மாசம் அடுப்புல கெட்டிலை மறந்து வெச்சது உண்மைதான். அதையும் இதையும் சேர்த்துட்டா. சனிக்கிழமை வர்றா, அடிலெய்டுல முதியோர் இல்லத்துப் படிவத்தோட. நான் கையெழுத்துப் போடணுமாம்."

"வீட்டை விக்கணும்ல அப்ப?" என்றார் அதற்குள் வந்து உட்கார்ந்திருந்த நொரீன், மெர்வினை அர்த்தத்தோடு பார்த்து.

மெர்வின் அதைக் கண்டுகொள்ளவில்லை. "பிருடை?"

"அது என்னோடதேதான். என் கீறல் இருக்கு. மத்த எல்லா இரும்பும் என்னோடது. அதனாலதான் யாரும் நம்பலை."

"கழுத்தைக் கழற்றிப் பார்த்தியா? நாலு திருகாணிதானே."

கிளெம் இல்லையென்று தலையாட்டினார். "கழுத்தோட அடிப்பாகத்துல, உடலுக்குள்ள மறையற இடத்துல, பென்சில்ல பெரில் பேரை எழுதி மூடினேன். கழுத்தைப் பூட்டுற எல்லாரும் அங்க பேரும் தேதியும் எழுதுறதுதான். நான் அவ பேரை எழுதினேன். இப்பத் திறந்து, அங்க ஒண்ணும் இல்லைன்னா? நான் எழுதவே இல்லைன்னா?"

மெர்வின் பெட்டியை மூடினார். "வீட்டுச் சாவி யார்கிட்ட இருந்தது?"

"ஷெல்லிகிட்ட ஒண்ணு. லெஸ்கிட்ட ஒண்ணு, தக்காளிக்குத் தண்ணி ஊத்த. ஷெல்லி என் கூடத்தான் அடிலெய்டுல இருந்தா. லெஸ் பாவம், நான் வந்ததுலேருந்து முழங்கால் வலியாம். ஒரு வியாழக்கிழமைகூட வரலை."

மறுநாள் காலை மெர்வினும் நொரீனும் லெஸ் வீட்டுக்குப் போனார்கள். கிளெம் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி. அழைத்தபோது குரல் கூரைமேலிருந்து வந்தது. சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்த லெஸ், வீட்டுக்குள் குளிர்காற்றை அனுப்பும் குளிர்பெட்டியின் தகரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு திருகாணியையும் பக்கத்தில் கிடந்த மஞ்சள் சோப்புக்கட்டியில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, பிறகு முடுக்கினார்.

"முழங்காலுக்கு ஏணி நல்ல மருந்து போலிருக்கே, லெஸ்," என்றார் நொரீன்.

"இன்னிக்குப் பரவாயில்லை," என்றார் லெஸ். கீழே இறங்கவில்லை.

"சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளெம் வீட்டுப் பட்டறைக்கு வா," என்றார் மெர்வின். "கிட்டாரை எல்லாரும் சேர்ந்து பார்க்கப் போறோம்."

தகரத்தின் மேல் ஒரு திருகாணி உருண்டு வந்து தோட்டத்தில் விழுந்தது.

திரும்பும் வழியில் நொரீன் பொறுக்கவில்லை. "பொண்ணுதான், மெர்வ். ஐநூறு கிலோமீட்டர் கார்ல வந்து மாத்திட்டுப் போறது பெரிய விஷயமா? அப்பாவைப் பைத்தியமாக்கினா வீடு அவளுக்கு."

"வீடு எப்படியும் அவளுக்குத்தான் போகும். ஒரே பொண்ணு. கேடு பண்ண நினைக்கறவ பிருடையைக் கழற்றி அவ்வளவு ஒழுங்கா மறுபடி பூட்டமாட்டா, நொரீன். யாரோ ரொம்ப அன்பா பண்ணியிருக்காங்க."

சனிக்கிழமை. பட்டறைக்குள் நான்கு நாற்காலிகள்; லெஸ் மட்டும் கதவோரம் நின்றார். ஷெல்லி நாற்பது வயதுக்காரி, வழியெல்லாம் அழுதுகொண்டே வண்டி ஓட்டியவள் போலக் கண் சிவந்திருந்தாள். மடியில் படிவங்கள்.

"அப்பாவை உசுப்பி விடாதீங்க," என்றாள். "கழுத்தை மாத்தியிருந்தா வந்த முதல் நாளே குத்தியிருக்குமே. ரெண்டு வாரம் கழிச்சா குத்தும்?"

"அந்தக் கேள்விதான் எனக்கு உதவிச்சு," என்றார் மெர்வின். "உங்கப்பா ராவவே இல்லைன்னு வெச்சுக்குவோம். அப்ப ரெண்டு வருஷமா குத்தியிருக்கணும். தினமும் வாசிக்கிற மனுஷன் தாங்குவாரா? இங்க காத்துல ஈரமே கிடையாது. கடற்கரையிலேருந்து வர்ற மரம் இங்க வந்து சுருங்கும். மரம் சுருங்கும், கம்பி சுருங்காது. அதான் முனை நீட்டிக்குது. கிளெம், உன் கழுத்து வந்தப்போ என்ன பண்ணின?"

"ரெண்டு மாசம் இந்த உத்தரத்துல தொங்கவிட்டேன். சுருங்கி முடிஞ்சப்புறம்தான் ராவினேன். இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான்."

"ரெண்டு கோடை பார்த்த மரம் மூணாவது கோடையில புதுசாச் சுருங்காது. பிப்ரவரி நடுவுல குத்த ஆரம்பிச்சதுன்னா, இந்த மரம் ஊருக்கு வந்ததே ஜனவரியிலதான். தொங்கவிட நேரமில்லாத யாரோ, வந்த அன்னிக்கே பூட்டியிருக்காங்க. நீ திரும்பறதுக்குள்ள முடிக்கணும்னு."

மெர்வின் திருப்புளியை எடுத்தார். கிளெம் கண்ணை மூடிக்கொண்டார். நான்கு திருகாணிகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மரைகளில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது.

"கிளெம், திருகாணிக்கு நீ என்ன தேய்ப்ப?"

"மெழுகுவர்த்தி. எப்பவும்."

"இது சோப்பு."

நொரீன் மெல்லத் திரும்பிக் கதவோரம் பார்த்தார்.

கழுத்து தனியே வந்தது. அதன் அடிப்பாகம் வெறும் மரம். ஓர் எழுத்துகூட இல்லை. ஷெல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லை, இல்லையா?" என்றார் கிளெம், கண்ணைத் திறக்காமலே. "எழுதலை நான்."

"கொஞ்சம் இரு," என்றார் மெர்வின். சுவரிலிருந்த சவரக் கண்ணாடியை எடுத்து, கிட்டார் உடலில் கழுத்து அமரும் பள்ளத்துக்கு எதிரே பிடித்தார். "இந்தப் பள்ளத்துக்கு நீ வெளிர் மஞ்சள் வர்ணம் அடிச்சிருக்க. ரெண்டு வருஷம் இறுக்கமா அழுத்தினதுல பென்சில் கரி இதுல ஒட்டியிருக்கு, இடவலம் மாறி. ஷெல்லி, நீ படிம்மா."

ஷெல்லி குனிந்தாள். கண்ணாடிக்குள் சாம்பல் நிறத்தில், தச்சுப் பென்சிலின் தடித்த எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

"பெரில்," என்று படித்தாள். "அம்மா பேருப்பா. கீழே தேதியும் இருக்கு. நீங்க எழுதியிருக்கீங்க."

கிளெம் கண்ணைத் திறந்து கண்ணாடிக்குள் பார்த்தார்.

"தண்ணி ஊத்த வந்தேன்," என்றார் லெஸ். யாரும் அவரைக் கேள்வி கேட்கவில்லை. "ஒரு தடவை வாசிச்சுப் பார்க்கலாம்னு எடுத்தேன். தோள்வார் நழுவி சிமெண்டுத் தரையில விழுந்துடுச்சு. தலைகிட்ட கழுத்து உடைஞ்சுபோச்சு. அந்தக் குவீன்ஸ்லாந்து அம்மாகிட்டயே அதே மாதிரி ஒண்ணு வரவழைச்சேன். நீ திரும்பறதுக்கு மூணு நாள் முன்னாடிதான் வந்தது."

"சொல்லியிருக்கலாமேடா," என்றார் கிளெம்.

"மரம் மட்டும் உடைஞ்சிருந்தா சொல்லியிருப்பேன். கழற்றினப்போ அவ பேரைப் பார்த்தேன். அதை நான் உடைச்சேன்னு எப்படிச் சொல்ல? புதுசுல நானே எழுதலாம்னு பென்சிலை எடுத்தேன். கை வரலை. அது உன் எழுத்து."

"முழங்கால்?"

"உன் முன்னாடி உட்கார்ந்து அந்தக் கிட்டாரைக் கேட்க முடியலை. அதுக்காக இவங்க உன்னை இல்லத்துல சேர்க்கப் போறது எனக்குத் தெரியாது, கிளெம். சத்தியமாத் தெரியாது."

லெஸ் தன் வீட்டுக்குப் போய், துணியில் சுற்றிய உடைந்த கழுத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார். கிளெம் கூப்பிடவில்லை.

ஷெல்லி படிவங்களை நான்காக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். "கெட்டிலுக்குத் தானா அணையற மாதிரி ஒண்ணு வாங்கி அனுப்பறேம்பா," என்றாள். வாசலில் அப்பாவை வெகுநேரம் கட்டிக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமை வேலை இருந்ததால் ஞாயிறு காலை கிளம்பிப்போனாள்.

அதன் பிறகு வீட்டில் குளிர்பெட்டியின் இரைச்சல் மட்டும் இருந்தது.

கிளெம் உடைந்த கழுத்தை விரித்துப் பார்த்தார். முறிவு சுத்தமாக இருந்தது. மரநார் ஒன்றுகூடச் சிதறவில்லை. அடிப்பாகத்தில் பெயர் இருந்தது. முறிவின் இரு முகத்திலும் பசை தடவி ஒட்டவைத்தார். இறுக்கிப் பிடிக்கும் திருகு இடுக்கியை முடுக்கினால் மேல்துண்டு நழுவியது. துண்டைப் பிடித்தால் இடுக்கியை முடுக்கக் கையில்லை. மூன்று முறை முயன்றார். பிறகு ஒரு கையால் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் தொலைபேசியை எடுத்தார்.

"லெஸ். பசை தடவிட்டேன். பத்து நிமிஷத்துல இறுகிடும். முடுக்க ஒரு ஆள் வேணும்."

"முழங்கால் வலிக்குதுடா," என்றார் லெஸ்.

"வலிக்கட்டும். ரெண்டு வீடுதானே, நடந்து வா."

தொலைபேசியை வைத்தார். வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை, இரண்டு துண்டுகளையும் தன் இரு கைகளாலேயே சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார் கிளெம்.