போன வெள்ளிக்கிழமை டேப்

மிஷன் ஆஸ்பத்திரிக்கு மூன்று கம்ப்யூட்டர்கள் வந்து ஒரு வருசம் ஆகியும் வாட்ச்மேன் சவரிராயன் அவற்றை நம்பவில்லை. ஒன்றில் வார்டு ரிஜிஸ்டர், ஒன்றில் மருந்து இருப்பு, மூன்றாவதில் சாவு ரிஜிஸ்டர். கையால் தொட முடியாத எழுத்தை எவன் நம்புவான்? எழுத்து அழிந்துபோனால் எடுத்துக்கொள்ள, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மிஷினுக்கு ஒரு டேப் போட்டு நகல் பிடிக்க வேண்டுமாம். மிஷின்களைப் பார்த்துக்கொண்ட லூர்துமேரி ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை. செவ்வாய்க்கிழமை அவளைப் புதைத்தார்கள். வேறு ஆள் வரும்வரை அந்த வேலை சவரிராயன் தலையில் விழுந்தது.

வந்ததோ பெரிய வெள்ளி.

"மூணு மணி ஆண்டவர் உயிர்வுட்ட நேரம். அப்பப் போயி மிசினை ஓட்டச் சொல்றியா?" என்று கம்பவுண்டர் மாதேஸ்வரனிடம் சீறினார்.

"மிசினுக்கு எந்தச் சாமிங்க தாத்தா? சொருவிட்டுப் போங்க."

"நீ வேணா சொருவு."

மூன்று டேப்பையும் மேசைமேல் வைத்தார். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சிலுவைப்பாதைக்குப் போனார். பெண்கள் வார்டில் ஏழாம் கட்டிலில் மனைவி இன்னாசியம்மாள் பத்து நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். அவளுக்காக வேண்ட வேறு யார் இருக்கிறார்கள்?

ஐந்தரைக்குத் திரும்பினார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்ததும் ஈரமண் வாடை முகத்தில் அடித்தது.

உள்ளே ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது.

மேசைமேல் டேப் இல்லை.

மூன்றும் மிஷினுக்குள் இருந்தன.

பிரிண்டர் துப்பிப்போட்ட காகிதத்தைக் கிழித்துக்கொண்டு மாதேஸ்வரனிடம் ஓடினார். அவன் கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டான்.

"படிடா."

"சாவு ரிஜிஸ்டருங்க. இன்னாசியம்மாள், ஏழாம் கட்டில். இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணி."

இருவரும் வார்டுக்கு ஓடினார்கள். இன்னாசியம்மாளுக்குக் கண் மேலே செருகியிருந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது.

"அந்த வரியை அழிச்சுடு."

"அழிக்கத் தெரியாதுங்க தாத்தா. போன வெள்ளி டேப்பைத் திருப்பி ஏத்துனா ரிஜிஸ்டரு போன வாரத்துக்குப் போயிடும். அது மட்டுந்தான் லூர்துமேரி சொல்லிக்குடுத்தாங்க."

"ஏத்து."

மிஷின் அறையில் டேப் ஓடியது. பெரிய வெள்ளி, கோயிலில் மணி அடிக்காத நாள். கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆறுக்கு இரண்டு நிமிசம் இருக்கையில் டேப் நின்றது.

சவரிராயன் வார்டுக்கு ஓடினார்.

இன்னாசியம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "கஞ்சி இருக்குதுங்களா?"

பின்னாலேயே மாதேஸ்வரன் புதுக் காகிதத்தோடு வந்தான். "தாத்தா, இந்த வாரம் இதே வார்டுல செத்தாங்களே நாலு பேரு... ஒருத்தர் பேரும் ரிஜிஸ்டர்ல இல்லீங்க. அந்த நாலுல லூர்துமேரி பேரும் இல்லீங்க."

இன்னாசியம்மாள் புருசன் கையைப் பிடித்து இழுத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"என்னாங்க, எதிர்க்கட்டில்காரங்க தண்ணி தண்ணின்னு கேக்குறாங்க. ஒடம்பெல்லாம் மண்ணு. பாவம், யாருங்க அவங்க?"

எதிரே நான்கு கட்டில். மெத்தை சுருட்டிய வெறுங்கட்டில்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஸ்டூலில் ஒரு காலி டம்ளர்.

"தாத்தா," மாதேஸ்வரன் கதவுப்பக்கம் பின்வாங்கினான். "இன்னைக்கு டேப்பையே மறுபடி ஏத்திடலாங்களா?"

சவரிராயன் மனைவியைப் பார்த்தார். பத்து நாளைக்குப் பிறகு காய்ச்சல் விட்டு அவள் முகத்தில் வியர்வை அரும்பியிருந்தது.

"வேணாம்."

சொம்பை எடுத்துக்கொண்டு முதல் கட்டிலுக்குப் போய் டம்ளரில் ஊற்றினார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் மெல்ல இறங்கியது.

பின்னால், மற்ற மூன்று டம்ளர்களும் ஸ்டூலில் நகரும் சத்தம் கேட்டது.