கால் சிவந்த நாற்காலி

பூண்டுலோயாவில் லாபிர் முதலாளியின் கடைக்கு வருகிறவர்கள் சாக்கில் காலைத் துடைத்துவிட்டுத்தான் படியேறுவார்கள். அந்தத் திங்கட்கிழமை ராக்காயி துடைக்கவில்லை. ஆடி மழையில் நாலு மைல் ஓடிவந்தவள், சேறும் சகதியுமாகக் கடைக்குள் புகுந்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டாள்.

"மொதலாளி, என்னையப் பொலிசுல புடிச்சிக் குடுக்கப் போறாங்க."

ரிஸ்வி துள்ளி எழுந்தான். அவன் லாபிரின் மனைவிக்குத் தம்பி; முப்பது வயதாகியும், யாராவது எதையாவது தொலைத்துவிட்டு வந்தால் அவனுக்குப் பெருநாள்தான். லாபிர் அப்படியல்ல. ஊர்ப் பெரியவர், சமாதான நீதவான், ஜே.பி. முதலாளி என்றால் வலப்பனை வரைக்கும் தெரியும். அவர் ஒரு துவாயை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"தலையத் துவட்டிக்க. பொறகு சொல்லு."

ராக்காயி கூனிமலைத் தோட்டத்து ஆபீசைக் கூட்டித் துடைக்கிறவள். பதினொரு வருஷமாக அதுதான் வேலை.

"சனிக்கெழம மத்தியானம் நாற்காலியெல்லாம் மேசை மேல தூக்கி வச்சிட்டு, தரைக்குச் செவப்புப் பாலிஷ் பூசுவேங்க. உள்சொவருல ஆரம்பிச்சு, பின்னாலயே நகந்து வாசலுக்கு வந்துருவேன். மழைக்காலத்துல லேசுல காயாது. திங்கக்கெழம காலம்பற தேங்கா மட்டையால தேச்சாத்தான் பளபளன்னு வரும். அதுவரைக்கும் யாரும் கால் வைக்க மாட்டாங்க."

"சாவி?"

"பூட்டிட்டுக் கிளாக்கர் ஐயாகிட்டக் குடுத்தேன். மலைக் கண்டாக்கு ஐயாகிட்ட இன்னொண்ணு இருக்கு. இன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டுத்தான் கிளாக்கர் ஐயா தொறந்தாரு. அலுமாரிக்கு மேல இருந்த தகரப்பொட்டியக் காணோம்ங்க. நாப்பத்தொரு குடும்பத்துப் பிரஜாவுரிமை மனு அதுலதான் இருந்திச்சு."

ரிஸ்வி விசிலடிக்கப் போய் நிறுத்திக்கொண்டான். ஐம்பத்தோராம் வருஷம் அது. தோட்டத்து ஆட்கள் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுக் கொடுக்க இன்னும் ஆறே நாள். அதற்குள் கொடுக்காத குடும்பம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத குடும்பம்.

"தரையில கால்தடம் இருந்திச்சா?" என்றார் லாபிர்.

"ஒண்ணுமே இல்லைங்க. அதுலதான் என் தலையில விடிஞ்சிருச்சு. கிளாக்கர் ஐயா 'நீ பூசிட்டு வந்த பொறகு யாருமே உள்ள போகல, அப்ப நீதான் எடுத்திருக்கணும்'கிறாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியலீங்க. நாலு மணிக்குத் தோட்டத்துத் துரை பொலிசோட வர்றாரு. தோட்டத்த விட்டுப் போன்னு பத்துச்சீட்டக் குடுத்தா வேலையும் போச்சு, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போச்சு. அதுகூடப் பரவால்லீங்க. லயத்து ஆம்பளைங்க எங்க வாசல்ல மம்பட்டியோட நிக்கிறாங்க. எங்க பொழப்பையே வித்துட்டியேன்னு கேக்குறாங்க. புள்ளைங்க ரெண்டையும் பேச்சியம்மா வீட்டுல ஒளிச்சு வச்சிட்டு ஓடியாந்தேன்."

துவாய் அவள் கையில் சும்மா இருந்தது. தலையைத் துவட்ட வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

லாபிர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டரை. "ஒண்ணுதான் எனக்கு விளங்கல்ல. அந்த மனுவுக்கெல்லாம் நான்தானே கையெழுத்துப் போடணும்? மூணு மாசமா உங்க தோட்டத்திலேருந்து ஒண்ணுகூட வரல்லியே."

லாபிர் அவளையும் கூட்டிக்கொண்டு லொறிக்கு நடந்தார்.

லொறியில் போகும்போதே ரிஸ்வி வழக்கை முடித்துவிட்டான். "மச்சான், கண்டாக்குதான். ரெண்டாவது சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

"இருக்கட்டும். ஆனா அவர் பறந்துதான் போயிருக்கணும். தரையில தடம் இல்லையே," என்றார் லாபிர். ரிஸ்வி அதற்கப்புறம் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆபீஸ் வாசலில் இருவர் நின்றார்கள். கண்டாக்கு வீரய்யா மலையில் வேலை வாங்குகிறவர். ஆறடிக்கு மேல் உயரம், எந்த வாசல் நிலையிலும் குனிந்துதான் நுழைவார். கிளாக்கர் நல்லமுத்து அவர் மார்பளவுதான் வருவார். கிளாக்கர் ஓடிவந்து லாபிருக்குக் குடை பிடித்தார். குடையோடு மண்ணெண்ணெய் வாடையும் வந்தது.

"நாங்க உள்ள கால் வைக்கல முதலாளி. வாசல்லருந்தே பார்த்துட்டுப் பொலிசு வரட்டும்னு பூட்டிட்டேன்."

"நல்ல காரியம் செஞ்சீங்க. தொறங்க."

லயத்துப் பக்கமிருந்து பத்துப் பதினைந்து ஆட்கள் தேயிலைக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அதைக் கண்டதும் ராக்காயி லொறிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

லாபிர் வாசற்படியில் முழங்காலிட்டு, ரிஸ்வியின் டோர்ச்சை வாங்கித் தரையோடு சாய்த்து அடித்தார். "ராக்காயி, இங்க வா. பயப்படாதே, நான் இருக்கேன். நீ துணியால எப்படிப் பூசுவே? கையால காட்டு."

அவள் கை தானாகக் காற்றில் அரைவட்டம் போட்டது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அரைவட்டம்.

வெளிச்சத்தில் தரை முழுக்க அதே அரைவட்டங்கள், மீன் செதில் மாதிரி. ஆனால் அலுமாரியிலிருந்து வாசல் வரைக்கும் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் கோடு நேராக ஓடியது. ராக்காயி கிட்டே வந்து குனிந்தாள். அவ்வளவு பயத்திலும் அவள் முகம் சுளித்தது.

"இது நான் பூசினதில்லைங்க. இப்படிப் பூசினா திட்டுத் திட்டா நிக்கும்."

லாபிர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய், மேசைமேல் கிடந்த நான்கு நாற்காலிகளின் கால்களையும் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு ஒன்றை மட்டும் தூக்கிவந்து வாசலில் கவிழ்த்து வைத்தார். கால் நான்கும் அடியில் சிவந்திருந்தன.

"மற்ற மூணும் சுத்தம்," என்றார். "ராக்காயி பாலிஷ் டின்னைத் தொறக்கிறதுக்கு முந்தியே நாற்காலிய மேல தூக்கிடுவா. அப்ப இதுமட்டும் எப்படிச் சிவந்திச்சு? பூசின பொறகு யாரோ உள்ள போயிருக்காங்க. நாற்காலிய எறக்கி, அதுமேல ஏறிப் பெட்டிய எடுத்திருக்காங்க. திரும்பிப் பார்த்தா தரையெல்லாம் தடம். அதை மறைக்க, அலுமாரியிலேருந்து வாசல் வரைக்கும் மறுபடி பூசிக்கிட்டே வெளியே வந்திருக்காங்க. தடம் இல்லாததுதான் ராக்காயிக்கு எதிரான சாட்சின்னு சொன்னீங்க. அதுதான் அவளுக்குச் சாதகமான சாட்சி."

"ரெண்டு சாவி, ரெண்டு பேரு," என்று ரிஸ்வி கண்டாக்கை முறைத்தான்.

"வீரய்யா கையை நீட்டினா அலுமாரி உச்சி அகப்படும். அவருக்கு எதுக்கு நாற்காலி?" லாபிர் கிளாக்கரிடம் திரும்பினார். "செவப்புப் பாலிஷ் கையில பட்டா சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய்க்குத்தான் போகும். அதை விக்கிறவன் நான். கையைக் கொஞ்சம் காட்டுங்க."

நல்லமுத்து கையைக் கோட்டுப் பைக்குள் விட்டார். காட்டியிருந்தால்கூட அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. ஆட்கள் முற்றத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள். அவர்கள் தோளில் இருந்த மம்பட்டிகளைப் பார்த்ததும் அவர் லாபிரின் பக்கமாக ஒதுங்கினார்.

"ஒண்ணுகூட எழுதி முடிக்கல முதலாளி. நாளைக்கு, நாளைக்குன்னு மூணு மாசம் போயிருச்சு. துரை திங்கக்கிழமை எல்லாத்தையும் காட்டச் சொல்லிட்டாரு. பயந்துட்டேன். எரிக்க மனசு வரல. எங்க கோழிக்கூட்டுக்கு அடியில இருக்கு."

"இவ பேரை ஏன் சொன்னீங்க?"

கிளாக்கர் ராக்காயி பக்கம் திரும்பாமலே சொன்னார். "அவ எதுத்துப் பேச மாட்டா."

கண்டாக்கு முற்றத்தின் குறுக்கே போய் நின்று, யாரும் கிளாக்கரைத் தொடக்கூடாது என்றார். துரைக்குத் தானே சொல்வதாகவும் சொன்னார். பெட்டி வந்தது. கோழி எச்சம் போகத் துடைத்து லாபிர் மேசையில் திறந்தார். படிவமும் பிறப்புச் சான்றான பிறந்த துண்டும் அப்படியே இருந்தன. ஆறு நாளில் எழுதிவிடலாம். ரிஸ்வி ஏற்கெனவே பேனாவைத் திறந்துகொண்டிருந்தான். லாபிர் ஒவ்வொரு பேராகப் படித்துக்கொண்டே போனவர் கடைசித் தாளில் நிமிர்ந்தார்.

"ராக்காயி, உன் மனு எங்க?"

"எனக்கு இல்லைங்க. சித்திரையில ஐயாகிட்டக் கேட்டேன். பாப்போம்னாரு. மறுபடி கேக்கப் பயமா இருந்திச்சு."

ரிஸ்வியின் பேனா அப்படியே நின்றது. தனக்கென்று ஒரு தாள்கூட இல்லாத பெட்டிக்காக அவள் இன்றைக்கு அடிபட்டுச் செத்திருப்பாள்.

லாபிர் சிவந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். பதினொரு வருஷம் அதைத் தூக்கித் தூக்கி வைத்தவள், ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. கண்டாக்கு தலையசைத்த பிறகுதான் நுனியில் ஒட்டிக்கொண்டாள். பிறந்த துண்டு இல்லை என்று அவள் அழப்போனபோது, தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் பதினொரு வருஷமாகப் பேர் இருக்கிறது, அதைக் காட்டலாம் என்றார் கண்டாக்கு.

கீழ் ரோட்டில் துரையின் ஜீப் ஏறிவரும் சத்தம் கேட்டது. அவள் எழப் பார்த்தாள்.

"உக்காரு. பேரு?" என்றார் லாபிர்.

"ராக்காயிங்க." அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதிட்டீங்களா மொதலாளி?"

"எழுதிட்டேன்."

"அழியாதுங்களே?"

கொழும்பில் அந்தத் தாளை யார் பார்ப்பார்கள், என்ன செய்வார்கள் என்பதை மட்டும் லாபிரால் எந்த டோர்ச்சை அடித்தும் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் சொன்னார்.

"மண்ணெண்ணெய்க்கும் போகாது புள்ள. அடுத்ததச் சொல்லு, எங்க பொறந்தே?"

"இங்கதாங்க," என்றாள் ராக்காயி.