பிரதியில் இல்லாத வசனம்

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு அக்காவும் தம்பியும் அந்தப் பழைய அரங்கத்தின் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தார்கள். அக்கா மருந்துக்கடை நடத்துகிறவள்; நாடகக் குழுவில் அவளுக்கு ‘மாத்திரை’ என்றே பெயர். தம்பி தையற்காரன். மற்ற நாட்களில் அவரவர் பிழைப்பு, ஞாயிறானால் ஒத்திகை என்று கூடும் பத்துப் பேர் குழு அது. அன்று ‘பேய்க்குப் பல்வலி’ என்ற சிரிப்பு நாடகம், பாட்டும் ஆட்டமுமாக, முதல்முறையாக மேடையேறுகிறது. அவள் பல் டாக்டர். அவன் பேய்.

பல வருடங்கள் பூட்டிக் கிடந்த அரங்கம். எத்தனை ஜன்னலைத் திறந்தும் ஈரமண் வாடை போகவில்லை.

“இன்னைக்கு எடுத்துக் குடுக்க ஆள் இல்லம்மா,” என்றார் நாடகத்தை இயக்கும் கணக்கு வாத்தியார். “தபால்காரருக்குக் காய்ச்சல். மறந்தா நீயே சமாளிச்சுக்கோ.”

பக்கத்திரைக்குப் பின்னால் நின்று மறந்த வசனத்தை மெல்லச் சொல்லிக் கொடுப்பவர் தபால்காரர். மாத்திரை நாடகப் பிரதியை மறுபடி புரட்டினாள்.

“மறந்தா பேசாம என் பல்லைப் புடுங்கிடுக்கா. அதுக்கும் சிரிப்பாங்க,” என்றான் தம்பி.

மேடை நடுவே தரையில் ஒரு சதுரக் கதவு. அதன் கீழே ஏணி வைத்த ஆழமான நிலவறை. டாக்டர் மணியடித்ததும் தம்பி அங்கிருந்து புகையோடு பாடிக்கொண்டு எழ வேண்டும். புகைக்காக வாளி நிறைய வெந்நீரும் அதில் போட்டால் வெண்புகை கக்கும் டிரை ஐஸ் கட்டிகளும் குழுவிலிருந்த தச்சர் கீழே கொண்டுபோய் வைத்திருந்தார்.

முதல் காட்சி கைதட்டலோடு முடிந்தது. இரண்டாம் காட்சிக்குத் தம்பி நிலவறையில் இறங்கினான், கதவை மூடினார்கள். வாத்தியார் மேடைக்கு முன்னால், கூட்டத்தின் பக்கம், ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்தார்.

மாத்திரை வாயைத் திறந்தாள். வசனம் வரவில்லை. மனம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

‘வாசல்ல போர்டு மாட்டி வருஷமாச்சு, ஒரு சொத்தைப் பல்லாவது வந்துச்சா?’

இடது காதோரம் மெல்லிய குரல். அவள் அப்படியே சொன்னாள். கூட்டம் சிரித்தது. பாவம், காய்ச்சலோடு தபால்காரர் வந்துவிட்டார் என்று நினைத்து நன்றியோடு திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்திரை பத்தடி தள்ளி இருந்தது. அங்கே யாரும் இல்லை.

குரலோ காது மடலில் குளிர்ந்த மூச்சாகப் பட்டது. ஈரமண் வாடை இப்போது மிக அருகில் வீசியது.

‘கீழ ஒருத்தன் கூப்பிடுறான்.’

அது பிரதியில் இல்லாத வசனம். ஆனாலும் அவள் வாய் சொல்லிவிட்டது. கூட்டம் சிரித்தது.

‘மூச்சு விட முடியலையாம்.’

அதையும் சொன்னாள். சிரிப்பு இரண்டு மடங்கானது.

மணியை அடித்தாள்.

யாரும் எழவில்லை.

ஆர்மோனியம் பேயின் பாட்டை ஒருமுறை தொடங்கி நின்றது. மறுபடி தொடங்கியது. சதுரக் கதவின் விளிம்புகளில் வெண்புகை கசிந்துகொண்டிருந்தது.

‘கதவைத் திற.’

திறந்தாள். விளிம்புவரை பால் நிரம்பினாற்போல் புகை. அது ஒரு கணம் விலகியபோது அடியில், ஏணியின் கடைசிப் படியைப் பிடித்தபடி ஒரு கை. அசைவில்லை.

‘இறங்கு. உன் தம்பிதானே.’

ஒரு கால் வைத்தாள்.

‘இன்னும் ஒரு படி.’

வலப்பக்கமிருந்து ஓடிவந்த தச்சர் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார். “உள்ள காத்தே இருக்காது மாத்திரை. இந்தப் புகை ஆளையே அமுக்கிடும். போனா நீயும் வரமாட்ட.”

திரைக் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டினார். மறுமுனையை அவளிடமும் மேலே ஏறி வந்த வாத்தியாரிடமும் கொடுத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினார். புகை அவர் தலைக்கு மேல் மூடிக்கொண்டது.

கயிறு கனத்தது. அரங்கில் இப்போது சிரிப்பில்லை.

‘கயித்தை விட்டுடு,’ என்றது குரல், அவ்வளவு அன்பாக.

அவள் விரல்கள் தாமாகத் தளர்ந்தன. உதட்டை ரத்தம் வரக் கடித்துக்கொண்டு, கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். உள்ளங்கைத் தோல் உரிய உரிய இழுத்தாள்.

முதலில் தம்பியின் தலை தெரிந்தது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்தான். அக்கா இரண்டு கைகளிலும் கட்டோடு கட்டிலருகே நின்றாள். பக்கத்தில் தச்சர்.

“ஏம்ப்பா, கீழ எத்தனை பேர் இருந்தீங்க?” நர்ஸ் குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டார்.

“ரெண்டு பேர்.”

“நான் இறங்கினப்ப நீ மட்டும்தானடா இருந்த,” என்றார் தச்சர்.

“இல்லண்ணே. பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. அக்கா பேச வேண்டியதை எல்லாம் ஒண்ணொண்ணா சொன்னாங்க.” அவன் மூச்சு வாங்கினான். “நான் உன்னைக் கூப்பிடவே இல்லக்கா. எனக்குத் தூக்கம்தான் வந்துச்சு.”

அவள் அவன் முகத்தருகே குனிந்தாள். “அவங்க இப்ப எங்கடா?”

தம்பி அவளைப் பார்க்கவில்லை. அவள் இடது தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

“உன்கூடத்தானக்கா இங்க வந்தாங்க.”

பிறகு, யாரோ கேட்டுக்கொண்டதுபோல், மெல்லக் கால்களை மடக்கி இடம் விட்டான்.

கட்டிலின் கால்மாட்டில் மெத்தை, ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு, மெதுவாக அமுங்கியது.