கொப்புளத் தரை

"ஈரம் இருக்கே, அட்ரியன்."

"கொஞ்சம்தான் லா. துடைச்சிட்டுப் பூசிட்டா தெரியாது."

"நீங்கதானே சொன்னீங்க, பிளாஸ்டிக்குக்கு அடியில தண்ணி நின்னா பூசவே கூடாதுன்னு?"

"அது சைட்டுல. இது நம்ம வீடு. நாளைக்குச் சாயங்காலம் நான் சிங்கப்பூர் பாலம் தாண்டணும். கிறிஸ்மஸ் ஓப்பன் ஹவுசுக்கு ஊரே வீட்டுக்கு வரும், தரை பளபளன்னு இருக்கணும்னு யாரு கேட்டா? நானா?"

அமண்டாதான் கேட்டிருந்தாள். சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளுக்கு எபோக்சி என்னும் பிசின் பூச்சுத் தரை போடுவதே அட்ரியனின் தொழில். புதுச் சிமெண்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, பிளாஸ்டிக் தாளை அதன்மேல் ஒட்டி ஓர் இரவு விட்டுவைக்க வேண்டும் என்பது அவனுக்குப் பாடம். ஒட்டியும் வைத்தான். காலையில் தாளுக்கு அடியில் நின்ற நீர்முத்துகளைத் தன் சட்டையாலேயே துடைத்துவிட்டு, கேட்டிலிருந்து வாசற்படிவரை போர்ச் முழுக்கச் சாம்பல் நிறப் பூச்சை ஊற்றி இழுத்தான். சனி, ஞாயிறு. அவனுக்குக் கிடைப்பது அந்த இரண்டு நாள்தான்.

பதினோரு மாதம் தரை ஒழுங்காக இருந்தது. செருப்பை வெளிக் கேட்டிலேயே கழற்ற வேண்டும், ஈரத் துடைப்பம் படக்கூடாது, ஈரம் உறிஞ்சும் மெஷின் போர்ச் மூலையில் எப்போதும் ஓட வேண்டும் என்று அவன் சொன்ன எல்லாவற்றையும் அவள் செய்தாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் செனாயில் வேலை முடிந்து, கூலாய் வீட்டு வாசலில் தொழிற்சாலை பஸ் இறக்கிவிட்டதும் அவளுடைய முதல் வேலை, அந்த மெஷினில் நிரம்பிய தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டுவதுதான்.

நவம்பர் மழை பிடித்த திங்கட்கிழமை, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. குதிகால் அளவு.

படம் எடுத்து அனுப்பினாள். குரல் பதிவில் பதில் வந்தது. "அலமாக், ஈரம் கீழேருந்து தள்ளுது. பிளேடால கீறி, ஒத்தி எடுத்து, நல்லாக் காய வை. சனிக்கிழமை வந்து பூசறேன்."

கீறினாள். வந்த நீர் மழைநீர்போல் குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது. நாள் முழுக்கச் சப்பாத்துக்குள் கிடந்த காலின் வாடை அடித்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் நுனியைவிட்டு அது போகவில்லை.

செவ்வாய்க்கிழமை, அந்தக் குதிகாலுக்கு முன்னால் ஐந்து சின்னக் கொப்புளங்கள் வளைவாக நின்றன. புதன்கிழமை ஓர் அடி தள்ளி இடது கால். அதற்கு முன்னால் வலது. மேலிருந்து மிதித்தால் தரை பள்ளமாகும். இவை புடைத்திருந்தன. கீழே யாரோ தலைகீழாக நின்று, உள்ளங்காலை மேல்நோக்கி அழுத்தி நடப்பதுபோல். எல்லா விரல்களும் வீட்டு வாசலைப் பார்த்திருந்தன.

அடுத்த வீட்டு ராசம்மா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "என்னடி, அட்ரியன் வந்துட்டானா?"

"இல்லக்கா. சனிக்கிழமைதான்."

"காலையில போர்ச்சுல யாரோ நடந்தாப்புல இருந்துச்சே. சப்பு சப்புன்னு, ஈரக் காலோட. நான்கூட, பொண்டாட்டிய விட்டுட்டு இருக்க முடியாம ஓடி வந்துட்டான் போலன்னு சிரிச்சேன்."

அமண்டாவும் சிரித்து வைத்தாள். ஓடி வருகிறவனா அவன்? ஒவ்வொரு ஞாயிறு மாலையும் அவன் பைக்கில் கிளம்ப ஹெல்மெட் மாட்டும்போது அவள் தொண்டைவரை ஒரு வார்த்தை வரும். அந்த வேலையை விட்டுவிட்டு வந்துவிடச் சொல்ல வேண்டும். அவன் "என்ன?" என்பான். அவள் "ஒண்ணுமில்ல" என்பாள். கேட்டு, அவன் மாட்டேன் என்றுவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் எப்படி இருப்பது?

வியாழக்கிழமை ஐந்து மணிக்கே வானம் கறுத்து மழை அடித்து ஊற்றியது. கேட்டில் செருப்பைக் கழற்றினாள். கொப்புளங்கள் வாசற்படியைத் தொட்டிருந்தன. அவற்றின்மேல் கால் படாமல், சுவரோரமாக, சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு நடந்தாள். பாதி தூரம் போயிருப்பாள். இடி விழுந்தது. கரண்ட் போனது. மெஷினின் முனகல் நின்றது.

மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். ஈரமான தோலை மெல்ல உரிப்பதுபோல.

வாசற்படியைப் பார்த்தாள். அங்கிருந்த கடைசி இரண்டு பாதங்களின் விரல்கள் இப்போது வாசலைப் பார்க்கவில்லை.

அவளைப் பார்த்தன.

பின்னால் ஓரடி வைத்தாள். கைபேசியை எடுத்து எண்ணைத் தட்டினாள்.

"சொல்லு மா, சைட்டுல இருக்கேன்."

"அட்ரியன்..."

"என்ன? மறுபடியும் கொப்புளமா?"

கண்ணெதிரே, இரண்டடி தூரத்தில், பூச்சு மெதுவாக எழும்பியது. முதலில் குதிகால். பிறகு விரல்கள், ஒவ்வொன்றாக.

"ஒண்ணுமில்ல," என்றது அவள் வாய். பழக்கம்.

"அப்ப வைக்கிறேன். சனிக்கிழமை பாக்கலாம்."

திரை கறுத்தது. மறுபடி தட்டினாள். பேட்டரி இல்லை.

ஓட வேண்டும். கேட் பின்னால்தான். திரும்பினாள். கேட்டருகே, திங்கட்கிழமை அவள் கீறிய கொப்புளம் வாய் திறந்து கிடந்தது. உள்ளே நீர் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை. அதிலிருந்து அவளை நோக்கிப் புதிதாக ஒரு வரிசை. வலது. இடது. வலது.

இரண்டு வரிசையும் அவளிடம் வந்து நின்றன.

உள்ளங்கால் சுட்டது. பூச்சு அவள் எடையை மெல்லத் தூக்கியது. குதிகாலுக்குக் குதிகால். விரலுக்கு விரல். அளவு அவளுடையது அல்ல. பெரியது. அவள் பாதத்தைத் தாண்டி நீண்ட அந்த விரல்கள், மெல்லிய சாம்பல் தோலுக்கு அடியில் மடங்கின. அவள் விரல்களைப் பற்றிக்கொண்டன.

இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

அந்த வாடை முட்டிவரை எழுந்தது. மழை. இருட்டு. தெருவில் யாரும் இல்லை. செத்துப்போன கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று தெரியும். இந்தப் பக்கம், தரைக்கடியில், ஒன்று காதுகொடுத்துக் கேட்கிறது என்றும் தெரியும். காலுக்கடியில் அழுத்தம் நின்றது, பதிலுக்குக் காத்திருப்பதுபோல். ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்றதை இனி அடக்க முடியவில்லை.

"தனியா இருக்க முடியல," என்றாள், சத்தமாக. "வந்துடுங்க. என் கூடவே இருந்துடுங்க."