அப்பா ஸ்க்ரீன்

கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆச்சு, ஆனா அப்பா மூஞ்சி வரல.

வழக்கமா வர்ற நீல ஸ்க்ரீன், நடுவுல வட்டத்துக்குள்ள நாற்காலியில உக்காந்திருக்குற அப்பா போட்டோ, கீழ பாஸ்வேர்ட் கட்டம், எதுவுமே இல்ல. கறுப்பு. இடது மூலையில ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக்னு. சின்னவன் என்டர் பட்டனைத் தட்டித் தட்டிப் பாத்தான்.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகுது. அன்னைக்கு ஸ்க்ரீனை லாக் பண்ணிட்டு எழுந்து போனவருதான், உயிரோட திரும்பி வரல. பாஸ்வேர்ட் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அன்னைலேருந்து அம்மா இதை அணைக்க விட்டதே இல்ல. ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை முடிஞ்சு வந்ததும், தோள்ல இருக்குற பையைக்கூட இறக்காம நேரா வந்து அந்தப் போட்டோவைப் பாப்பாங்க. அப்புறம்தான் முகம் கழுவுறதே. என்ன பாசம் பாருன்னு சொந்தக்காரங்க மூக்கை உறிஞ்சுவாங்க. இவனும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தான்.

அந்தப் பாசத்துலதான் இவன் கம்ப்யூட்டர்ல கை வச்சதும். இவனுக்குன்னு அதே கம்ப்யூட்டர்ல தனி அக்கவுண்ட் இருக்கு, அதை ஓட்டுற லினக்ஸ் சாஃப்ட்வேர் வேற பழசாப் போச்சு, சும்மா அப்கிரேட் பண்ணி வைப்போமேன்னு உக்காந்தான். கடைசியில அது, தேவையில்லாததை எல்லாம் தூக்கிடவான்னு ஒரு நீட்டுப் பட்டியல் போட்டுக் கேட்டுச்சு. எவன் படிப்பான்? சரின்னு தட்டிட்டான். ரீஸ்டார்ட்டும் குடுத்துட்டான். ஒரு நிமிஷம்தானே அணையும்.

அக்காவுக்கு போன் பண்ணி, அப்கிரேட் பண்ணதுல அப்பா போட்டோ போயிடுச்சுன்னான். கல்யாணம் ஆகி வேற ஊர்ல இருக்கா. இந்த வீட்டுக்கு வந்தாலும் அப்பா ரூம் பக்கமே வர மாட்டா.

"லினக்ஸு லினக்ஸுன்னு திரிஞ்சியே, இப்ப அப்பாவையே அன்இன்ஸ்டால் பண்ணிட்டியாடா?"ன்னு சிரிச்சா.

ரீஸ்டார்ட் பண்ணேன்க்கா, மறுபடி வரலன்னு இவன் சொன்னதும் சிரிப்பு நின்னுச்சு.

"அணைச்சியா?"

"ஒரு நிமிஷம்தான்க்கா."

அம்மா வர்றதுக்குள்ள சரி பண்ணிடுடான்னு சொல்லி போனை வச்சிட்டா.

வெளிய மழை புடிச்சு ஊத்துது, ஜன்னல் கண்ணாடியில தண்ணி கோடு கோடா இறங்குது, சாயங்காலமே ரூம் மங்கலாயிடுச்சு, ஹால்ல துணைக்குப் போட்டு வச்ச டிவியில யாரோ சமையல் பத்தி கத்திட்டிருந்தாங்க. மூணு பட்டனைச் சேத்து அமுக்கினான், எழுத்து மட்டும் வர்ற ஸ்க்ரீன் வந்துச்சு, அவன் பேர்ல உள்ள போயிட்டான். பாத்தா அவன் நினைச்சதேதான். லாகின் ஸ்க்ரீனைக் காட்டுற புரோகிராமையே அந்தப் பட்டியலோட சேத்துத் தூக்கியிருக்கான் லூசு. அவ்ளோதானா? போனைக் கேபிள்ல மாட்டி, நெட் எடுத்து, திரும்ப இன்ஸ்டால் போட்டான். பர்சென்ட் மெதுவா ஏறுச்சு.

அப்பதான் வாசனை வந்துச்சு. சிகரெட்டு, அதை மறைக்கப் போட்ட இருமல் மிட்டாய், ரெண்டும் கலந்து, சட்டைக் காலர்ல ஊறிப்போன மாதிரி. மழைக்கு எங்கேருந்தோ வருதுன்னு நினைச்சுக்கிட்டான்.

அப்புறம் சாவிக்கொத்து.

கதவுக்குப் பின்னாடி ஆணியில அப்பா சாவிக்கொத்து இன்னும் தொங்குது. ஃபேன் போடல. ஜன்னல் மூடியிருக்கு. லேசா ஆடிட்டிருந்துச்சு. முன்னெல்லாம் அந்தச் சத்தம் வாசல்ல கேட்டாலே போதும், அம்மா ஓடிப்போய் டிவி சவுண்டைக் குறைப்பாங்க, அக்கா புத்தகத்தை எடுத்து விரிச்சுக்குவா. அக்கா முழங்கையில இருக்குற தழும்பு பத்தி இந்த வீட்ல யாரும் பேசினதில்ல.

ஸ்க்ரீனைப் பாருடா, வேலையைப் பாரு.

எதுக்கும் ஒரு தடவை, இப்ப உள்ள யாரெல்லாம் இருக்காங்கன்னு காட்டுற கமாண்டைத் தட்டினான். ஒரு வரிதான் வரணும். அவன் பேரு.

ரெண்டு வரி வந்துச்சு.

ரெண்டாவது அப்பா அக்கவுண்ட். பழசு இல்ல. ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் பாஸ்வேர்ட் போட்டு உள்ள வந்திருக்கு. இவன் வர்றதுக்கு முன்னாடியே.

ஏதோ பிழை. அப்கிரேட் சொதப்பல். இன்ஸ்டால் முடிஞ்சுது, லாகின் புரோகிராமை ஓட விட்டான், ஸ்க்ரீன் ஒரு தடவை கறுத்து, நீலம் வந்துச்சு. வந்துடுச்சு! அதே வட்டம், அதே கட்டம், கீழ அப்பா பேரு.

வட்டத்துக்குள்ள புத்தக அலமாரி இருந்துச்சு. அதுக்கு முன்னாடி நாற்காலி இருந்துச்சு.

நாற்காலி காலியா இருந்துச்சு.

வாசக்கதவு திறந்துச்சு. இவன் துள்ளி எழுந்து சுவத்தோட ஒட்டிக்கிட்டான். அம்மா. குடையிலேருந்து தண்ணி சொட்டச் சொட்ட, பையோட, நேரா ரூமுக்கு வந்து ஸ்க்ரீனைப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க.

"இதை யாரு அணைச்சது?"

"ஒரு நிமிஷம்தாம்மா. சரி பண்ணிட்டேன். போட்டோ மட்டும் ஏதோ..."

"பாசத்துலயாடா தினம் பாத்தேன்?" அம்மா குரல் எழும்பவே இல்ல. "உள்ளதான் இருக்காரான்னு பாத்தேன்."

ஆணியில சாவிக்கொத்து இல்ல.

ஹால் பக்கம் ஒரு கிலுக். இன்னும் கிட்ட ஒண்ணு. அம்மா கையில எப்ப ரிமோட் வந்துச்சுன்னு தெரியல. கட்டை விரல் தானா அமுக்குது. டிவி சத்தம் குறையுது. குறையுது. சுத்தமா இல்ல.

மழை மட்டும்.

இருமல் மிட்டாய் வாசனை ரெண்டு பேருக்கும் நடுவுல புகுந்து போச்சு. கம்ப்யூட்டர் முன்னாடி இருந்த நாற்காலி தானா ஒரு சுத்து சுத்தி, புஸ்ஸுன்னு காத்து இறங்கி, மெத்தை அமுங்குச்சு.

கீபோர்டுல ஒரு சத்தம்.

பாஸ்வேர்ட் கட்டத்துல ஒரு புள்ளி.

இன்னொரு புள்ளி.