வலி நின்ற நாள்

மல்லிகையும் ஊதுபத்தியும் மணத்த சாமி மேடையின் முன் நின்றிருந்த சிவநேசனுக்கு, அந்த மணங்களுக்கு அடியிலிருந்து வேறொரு வாடை மெல்லக் கசிந்து வருவது போலிருந்தது. செத்த பல்லியாக இருக்கும் என்று படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தான். சுவர்தான் இருந்தது. உள்ளங்கையை வாயருகே குவித்து ஊதியபோதுதான், அது தன்னிடமிருந்தே வருகிறது என்று தெரிந்தது.

கீழ்க் கடைவாய்ப் பல் ஒரு மாதமாக அவனைப் படுத்தி எடுத்திருந்தது. பிடுங்கினால் வாயில் புண்ணாகும். புண் வாயில் வேல் குத்தமாட்டார்கள். இரண்டு முறை கலைந்து இப்போதுதான் மனைவி பிரமிளாவின் வயிற்றில் தங்கியிருக்கும் பிள்ளைக்காகத் தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்த காவடி நின்றுபோகும். பல்லைக் கடித்துக்கூடப் பொறுக்க முடியாத வலி. ஆனால் விரத மாலை போட்ட அன்றே அது நின்றது. முருகன் எடுத்துக்கொண்டான் என்று பிரமிளா அழுதாள்.

பல் கிளினிக்கில் வேலை செய்யும் மச்சினி ஷர்மினி மட்டும் நேற்று வந்து முகத்தைச் சுளித்தாள்.

"வலி நின்னுட்டா நல்லாயிடுச்சுன்னு அர்த்தமில்ல மாமா. நரம்பு செத்துட்டா வலிக்காது. சீழ் பாட்டுக்கு உள்ள எறங்கிக்கிட்டே இருக்கும்."

"முருகன் ஓசியில பாத்துட்டாருன்னு உங்க டாக்டருக்குப் பொறாமைலா."

"வெளையாடாதீங்க. தாடை வீங்கினாலோ எச்சில் முழுங்க முடியலன்னாலோ கிளினிக்குக்குக்கூட வராதீங்க. நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சி."

சிரித்து அனுப்பிவிட்டான். இன்று காலை தாடைக்கடியில் கல்லாக ஒரு தடிப்பு. மாலைக்குள் அது இரு பக்கமும் பரவி, கழுத்தின் பள்ளத்தை நிரப்பி, பலகை போல் இறுகியிருந்தது. விரதத் தாடி எல்லாவற்றையும் மூடியிருந்தது.

வேல் குத்தும் சுப்பையா மாஸ்டரும் உறுமிக்காரர்களும் பூசைக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சின்ன ஃபிளாட்டுக்குள் ஆட்களின் வியர்வையும் கற்பூரப் புகையும் நிறைந்தன. உறுமி மேளத்தின் முனகல் தரை வழியாக ஏறி அவன் பற்களுக்குள் அதிர்ந்தது. எச்சிலை விழுங்கப் பார்த்தான். இறங்கவில்லை. ஷர்மினி சொன்னது அப்போதுதான் முதுகில் ஐஸாக ஓடியது.

காவடி போகட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பிரமிளாவின் மணிக்கட்டைப் பிடித்தான். வாயைத் திறந்தான். நாக்கு அசையவில்லை. அடியிலிருந்து ஏதோ அதைத் தூக்கி, அண்ணத்தோடு அழுத்தி, பற்களுக்கு வெளியே தள்ளியது. ஓர் உறுமல்தான் வந்தது. எச்சில் தாடியில் வழிந்தது.

அவள் அவன் கண்களைப் பார்த்தாள். கையை விடுவித்துக்கொண்டு கும்பிட்டாள்.

"மாஸ்டர்! அவருக்கு அருள் வந்திருச்சு!"

இல்லை என்று தலையை ஆட்டினான். உறுமி வேகமெடுத்தது.

"ஆடுறாரு பாரு! விடாம அடிங்கடா தம்பிங்களா!" என்றார் மாஸ்டர். "வேல் வேல்!"

காற்று இழையாகத்தான் இறங்கியது. குனிந்தால் கொஞ்சம் வந்தது. மண்டியிட்டுக் கைகளை ஊன்றினான். யாரோ அவன் முதுகில் மாலை போட்டார்கள். தொண்டையைக் காட்டினான். மீண்டும் காட்டினான்.

"பால் கேக்குது சாமி. குடும்மா."

பால் உள்ளே போகவில்லை. மூக்கில் வந்தது. கழுத்தில் வழிந்தது. வாசல் பக்கம் தவழ்ந்தான். கால்கள். கால்கள். வழி இல்லை.

மாஸ்டர் அவன் நெற்றியில் திருநீற்றை அப்பினார். கையை உயர்த்தினார். உறுமி நின்றது.

"கேளும்மா. இப்ப வாக்கு வரும்."

பிரமிளா எதிரே மண்டியிட்டாள். அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். நகங்கள் நீலமாக இருந்தன. அவள் கவனிக்கவில்லை.

"இந்தப் புள்ளயாவது தங்குமா? சொல்லுங்க சாமி."

இழை அறுந்தது. காற்று இல்லை.

வீடு முழுக்கக் கூப்பிய கைகள். யாரும் இருமக்கூட இல்லை. நாக்கு தள்ளி விரியத் திறந்திருந்த அவன் வாயையே பார்த்துக்கொண்டு, ஒரு சொல்லுக்காக, எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.